கஞ்சியும் அக்கினியும் – பண்டித ரமாபாய் அம்மையாரின் ஜீவிய சரித்திரம்

இந்த மாதம் ஒரு பரிசுத்தவாட்டியின் ஜீவியத்தை உங்கள் முன் வைக்கும்படி ஆவியானவர் என்னை ஏவினார். அதற்கு முன்னால் என்னுடைய தப்பிதம் ஒன்றை அறிக்கை செய்துவிட்டுத்தான் துவங்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன்பு நம் கலவை சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். மத்தியானம், துதி ஆராதனை உச்சத்தில் இருக்கும்போது ஒரு சகோதரி தடால்னு கீழே விழுந்தாங்க. ஆவியானவர் பலமாய் அசைவாடுகிறார் என்று நான் மைக்கிலே சொல்லி, எல்லாரையும் இன்னும் சத்தமாய்த் துதிக்கச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாதான் எழுந்து வந்து, முகத்தில் தண்ணி தெளித்து, சர்க்கரைத் தண்ணி கலந்து குடிக்க வைத்தாங்க. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஆர்டர் இல்லைன்னு ஷூ கம்பெனியில் பத்து நாளாய் வேலை கொடுக்கலை. வீட்டில் இருந்ததைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, இரண்டு நாளாய் வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறார்கள். அவர்கள் உபவாசம் எடுக்கவில்லை. சாப்பிட ஒன்றும் இல்லை. நான் அபிஷேகம் என்று மைக்கில் அறிவித்தது பசி மயக்கம். அந்தச் சகோதரியைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. முழங்கால் போட்டால் ஜெபமும் வரலை. வேதாகமக் கல்லூரி நாட்களில் வாசித்த ஒரு அம்மையாரின் வாழ்க்கை மனதில் வந்து நின்றது. வயிற்றுப் பசி இன்னதென்றும் ஆத்துமப் பசி இன்னதென்றும் தன் சரீரத்திலேயே படித்தவர் அவர்.

காட்டில் பிறந்த பண்டிதை

ரமாபாய் அம்மையார் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, இன்றைய கர்நாடக மாநிலத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில், தன் மனைவி லக்ஷ்மிபாய்க்கு அதைக் கற்றுக் கொடுத்தார். ஜனங்களின் எதிர்ப்பு எழும்பியது. அவர் ஊரை விட்டுக் காட்டுக்கே போய்க் குடியிருந்தார். அந்தத் தாய்தான் விடியுமுன் எழுந்து மகள் ரமாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். வாலிப வயதிலேயே பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களும் அவருக்கு மனப்பாடம்.

பிறகு அந்தக் குடும்பம் சொத்தை இழந்து, ஸ்தலம் ஸ்தலமாய் நடந்து, கோயில் மண்டபங்களிலும் ஆற்றங்கரைகளிலும் உட்கார்ந்து புராணம் வாசிக்கிற குடும்பமாயிற்று. கேட்பவர்கள் கொடுக்கிற தட்சணைதான் சாப்பாடு. மழை பெய்தவரைக்கும் பிழைப்பு ஓடியது. 1870-களில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தது.

நம் ஜில்லாவில் இலை தின்ற குடும்பம்

பிரியமானவர்களே, இந்த இடத்தைக் கவனமாய் வாசியுங்கள். பட்டினியின் உச்சத்தில் அந்தக் குடும்பம் வந்து சேர்ந்த இடம் திருப்பதி. 1911-ல் சித்தூர் ஜில்லா பிரியும்வரை திருப்பதி நம்முடைய வட ஆற்காடு ஜில்லாவில்தான் இருந்தது. இந்த அம்மையார் பட்டினி கிடந்தது நம் மண்ணிலே!

நகையை விற்றார்கள், பாத்திரத்தை விற்றார்கள். பட்டினியிலும் தானதர்மம் செய்தார்கள், விரதம் இருந்தார்கள். எல்லாம் முடிந்தபின், பிச்சையெடுக்க வெட்கப்பட்டு, சாகலாம் என்று காட்டுக்குள் போனார்கள். பதினோரு நாள் இராப்பகலாய் அவர்கள் சாப்பிட்டது தண்ணீர், இலை, ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழம். வயதான தகப்பனார் குளத்தில் இறங்கி உயிரை விட்டுவிடத் தீர்மானித்தார். அப்போது மகன் சீனிவாசன், ஜாதிக் கௌரவத்தைத் தள்ளிவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறேன் என்று முன்வந்ததால் காட்டை விட்டு வெளியே வந்தார்கள். ஆனாலும் சரீரம் தாங்கவில்லை. சில நாளில் தகப்பனார் இறந்தார்.

சில மாதங்களில் தாயும் படுத்த படுக்கையானாள். ஒரு துண்டு கம்பு ரொட்டி கிடைக்குமா என்று கேட்கப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்ற ரமாவுக்கு நாக்கு எழும்பவில்லை, கண்ணீர்தான் வந்தது. தாய் இறந்தபோது தூக்குவதற்கு ஆள் போதவில்லை. பாடையின் ஒரு முனையை இந்தப் பெண்ணே சுமந்தார். குள்ளமாய் இருந்தபடியால் தோளில் வைக்க முடியாமல் தலையில் வைத்துச் சுமந்தார். பிறகு மூத்த சகோதரியும் இறந்தாள்.

அதே பத்தாண்டின் பின்பகுதியில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் நம் வட ஆற்காட்டையும் வாட்டியது. வேலூர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சிறுபிள்ளையாய் இருந்தபோது, வாசலில் வந்து நின்ற பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டு வாயில் ஊட்டியது அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை. பஞ்சத்தில் ஒருத்தி வாங்கித் தின்னும் இடத்தில் இருந்தாள், ஒருத்தி கொடுக்கும் இடத்தில் இருந்தாள். கர்த்தர் இருவரையும் எடுத்துப் பயன்படுத்தினார்.

எல்லாம் இருந்தும் ஒன்று இல்லை

மீந்திருந்த அண்ணனும் தங்கையும் வட தேசமெங்கும் கால்நடையாய் அலைந்தார்கள். பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையில், குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல், மணலில் குழி தோண்டிப் படுத்து, கழுத்துவரை மணலை மூடிக்கொண்டு தூங்கினார்கள். 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருந்த பண்டிதர்கள் இந்த இளம்பெண்ணின் சமஸ்கிருத ஞானத்தைப் பார்த்து அதிசயப்பட்டு, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள்.

பட்டம் கிடைத்தது, சமாதானம் கிடைக்கவில்லை. 1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருஷம் வேறு ஜாதியைச் சேர்ந்த வங்காள வக்கீல் பிபின் பிஹாரி தாஸ் என்பவரை மணந்தார். 1881-ல் மனோரமா என்ற மகள் பிறந்தாள். 1882-ல் கணவர் காலராவில் மரித்தார். 23 வயதில் கையில் குழந்தையோடு விதவை.

கணவர் உயிரோடிருந்த நாட்களில் வங்காள மொழியில் அச்சிட்ட லூக்கா சுவிசேஷம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அந்த விதை உள்ளே கிடந்தது. 1883-ல் இங்கிலாந்து போனார். அங்கே வாண்டேஜ் என்ற ஊரின் ஆங்கிலிக்கன் சகோதரிகளோடு தங்கியிருந்தபோது, லண்டனில் பாவ வழியில் விழுந்துபோன பெண்களை அவர்கள் தூக்கியெடுத்துப் பராமரிக்கிற இல்லத்தைப் பார்த்தார். இப்படிப்பட்டவர்களை நேசிக்க இவர்களுக்கு எங்கிருந்து மனம் வந்தது என்று விசாரித்தார். ஒரு சகோதரி யோவான் 4-ஆம் அதிகாரத்தை எடுத்து, கிணற்றங்கரையில் சமாரிய ஸ்திரீயோடு இயேசு பேசினதை வாசித்துக் காட்டினாள். வெயிலில் நடந்து களைத்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட இயேசுதான் ஜீவ தண்ணீரையும் கொடுக்கிறவர் என்று கண்டார். அந்த வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

கதை இத்தோடு முடிந்தது என்று நாம் நினைப்போம். முடியவில்லை. அமெரிக்கா போனார், 1887-ல் இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றிப் புஸ்தகம் எழுதினார். 1889-ல் பம்பாயில் சாரதா சதன் என்ற விதவைகள் பள்ளியைத் துவக்கினார். பேரும் புகழும் வந்தது. ஆனால் 1891-ல், ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் கழித்து, தன்னிடத்தில் கிறிஸ்தவ மார்க்கம் இருக்கிறது, கிறிஸ்து இல்லை என்று கண்டுபிடித்தார். வில்லியம் ஹாஸ்லம் என்ற போதகர், தான் ஊழியத்தில் இருந்துகொண்டே மறுபடியும் பிறந்த சாட்சியை எழுதியிருந்த புஸ்தகத்தை வாசித்தபோது அம்மையாரின் இருதயம் உடைந்தது. வெறுங்கையாய்க் கர்த்தரிடத்தில் வந்து, இரட்சிப்பின் நிச்சயத்தைப் பெற்றுக்கொண்டார்.

சபையாரே, சற்று நிறுத்தி யோசியுங்க. நற்கிரியை செய்கிறவர், வேதம் வாசிக்கிறவர், ஞானஸ்நானம் எடுத்தவர். அவருக்கே உள்ளே பசி! மூன்று வேளை சாப்பாடு, பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம், மாடி வீடு எல்லாம் இருந்தும் ராத்திரியில் தூக்கம் வராத ஆத்துமாக்கள் நம் நடுவிலும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிரியாணி வாசம் ரோடு முழுக்க வீசுது. வயிறு நிறைந்த மனுஷனுக்கும் அது தீர்க்காத பசி ஒன்று இருக்குது.

முதலில் கஞ்சி

1896-ல் மத்திய மாகாணங்களில் பெரும் பஞ்சம். அம்மையார் பூனாவில் உட்கார்ந்து ஜெபம் மாத்திரம் செய்துகொண்டிருக்கவில்லை. தன் இளவயதுப் பட்டினி கண் முன்னே நிற்க, பஞ்சம் அடித்த ஊர்களுக்கே போனார். நிவாரண முகாம்களில் அநாதைப் பெண்பிள்ளைகள் துஷ்டர்கள் கையில் அகப்பட்டு நாசமாவதைக் கண்டார். தன்னிடம் இருந்த பணம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூட்டி வந்தவர் இல்லை; பிள்ளைகளைக் கூட்டி வந்துவிட்டுக் கர்த்தரிடத்தில் கேட்டவர். ஜார்ஜ் முல்லர், ஹட்சன் டெய்லர் ஆகிய தேவமனுஷரின் சரித்திரங்கள் அவருக்கு அந்த விசுவாசத்தைக் கற்றுக் கொடுத்திருந்தன.

பூனாவில் பிளேக் நோய்க் கட்டுப்பாடுகள் இருந்தபடியால், ஏறக்குறைய 40 மைல் தள்ளி கேட்காவ் என்ற ஊரில் ஏற்கனவே வாங்கியிருந்த 100 ஏக்கர் நிலத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோனார். வறண்ட பூமி. கிணறு வெட்டினார், கொட்டகை போட்டார். அந்த இடத்துக்கு முக்தி என்று பெயர் வைத்தார். இரட்சிப்பு, விடுதலை என்று அர்த்தம். 1900-ல் குஜராத்துப் பக்கம் மறுபடியும் பஞ்சம் வந்தபோது அங்கேயிருந்தும் கூட்டி வந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அங்கே சாப்பிட்டார்கள். எந்த ஜாதி என்று கேட்டு இலை போடவில்லை. நெசவு, எண்ணெய்ச் செக்கு, தையல், அச்சுக்கூடம் என்று பிள்ளைகளுக்குத் தொழிலும் கற்றுக் கொடுத்தார். கண் தெரியாதவர்களுக்கும் படிப்பு உண்டு. விழுந்துபோன பெண்களுக்குக் கிருபா சதன் என்று தனி இல்லம்.

வெகுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நேரத்தில் வயிறு முட்டப் போட்டால் உயிருக்கே ஆபத்து. கஞ்சித் தண்ணியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் சோற்றுக்கு வர வேண்டும். இது நம் வீட்டுப் பாட்டிமாருக்குத் தெரிந்த விஷயம். ஆவிக்குரிய போஜனமும் அப்படித்தான். அப்போஸ்தலர்களும் குழந்தைகளுக்குப் பால் என்றும் வளர்ந்தவர்களுக்குப் பலமான ஆகாரம் என்றும் பிரித்துத்தானே சொன்னார்கள்? நேற்று வந்த ஆத்துமாவின் தலையில் இன்றைக்கே எல்லா உபதேசத்தையும் கொட்டுகிற நாம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிறகு அக்கினி

சோறு போட்டு, துணி கொடுத்து, தொழிலும் கற்றுக் கொடுத்தாயிற்று. அத்தோடு அம்மையார் திருப்தியாகவில்லை. 1891-ல் தனக்குள் கண்ட அந்தப் பசியை இந்தப் பிள்ளைகளுக்குள்ளும் கண்டார். 1903-ல் ஆஸ்திரேலியா தேசத்தில் நடந்த எழுப்புதலைப் பற்றிக் கேள்விப்பட்டு, மகள் மனோரமாவையும் மின்னி ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்க ஊழியக்காரியையும் அங்கே அனுப்பினார். 1904-ல் வேல்ஸ் தேசத்தில் எழுப்புதல் பற்றியெரிந்தது. 1905 ஜனவரியில் முக்தியில் 70 பேர் சேர்ந்து தினமும் ஜெபிக்கத் துவங்கினார்கள். சில மாதத்தில் அந்தக் கூட்டம் ஐந்நூறுக்கு மேல் பெருகியது.

அந்த வருஷம் ஜூன் 29-ந் தேதி அதிகாலையில் ஒரு பெண்பிள்ளையின்மேல் ஆவியானவர் பலமாய் இறங்கினார். அவள்மேல் நெருப்பு எரிவதைக் கண்ட இன்னொருத்தி, தண்ணீர் வாளியைத் தூக்க ஓடினாள். ஊற்றப் போகும்போதுதான் அது சரீரத்தைச் சுடுகிற நெருப்பு அல்ல என்று தெரிந்தது. அல்லேலூயா! மறுநாள் அம்மையார் யோவான் 8-ஆம் அதிகாரத்திலிருந்து அமைதியாய்ப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஆவியானவர் எல்லார்மேலும் இறங்கினார். பிள்ளைகள் அழுது, பாவங்களை அறிக்கையிட்டு, மன்னிப்பின் சந்தோஷத்தால் நிரப்பப்பட்டார்கள். பிறகு அந்நிய பாஷை பேசுகிற வரமும் அங்கே காணப்பட்டது. அம்மையார் தாமே அந்நிய பாஷை பேசினதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் தனக்குக் கிடைக்காத வரத்தைப் பிள்ளைகள் பெற்றபோது அவர் தடுக்கவில்லை. கர்த்தருடைய கிரியை என்று ஏற்றுக்கொண்டார். தலைவர்களுக்கு இது ஒரு பாடம்.

அமெரிக்காவில் அசூசா தெருவில் 1906-ல் நடந்ததை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதற்கு முந்தின வருஷமே, பஞ்சத்தில் பொறுக்கியெடுத்த நம் தேசத்துப் பெண்பிள்ளைகள்மேல் கர்த்தர் தம் ஆவியை ஊற்றினார். மின்னி ஆப்ராம்ஸ் 1906-ல் இதைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். அது தென் அமெரிக்காவில் சிலி தேசத்து வால்பரைசோ பட்டணத்தில் ஊழியம் செய்த ஹூவர் குடும்பத்தாரின் கையில் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதை வாசித்துத் தாகங்கொண்டார்கள். 1909-ல் அங்கே பெந்தெகொஸ்தே எழுப்புதல் எழும்பியது. கஞ்சி ஊற்றின கொட்டகையிலிருந்து கிளம்பின அக்கினி கடலைத் தாண்டிப் பற்றியது.

எளியவளுக்கும் விளங்கும் வேதம்

அம்மையார் கடைசி 18 வருஷமும் ஒரு வேலையைச் சுமந்தார். மராத்தி வேதாகமம் ஏற்கனவே இருந்தது. ஆனால் கிராமத்துப் பெண்ணுக்கு விளங்காத உயர்ந்த நடை. சமஸ்கிருதத்தில் பட்டம் வாங்கின பண்டிதை, அந்தப் பாண்டித்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, எபிரெயுவும் கிரேக்கும் படித்து, சாதாரண ஜனங்கள் பேசுகிற மராத்தியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே எழுத்துக் கோர்த்து அச்சடித்தார்கள். பந்தி போட்டால் போதாது, கைக்கு எட்டுகிற உயரத்தில் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1921-ல் மகள் மனோரமா தாய்க்கு முந்திக் கர்த்தரிடத்தில் போய்விட்டாள். அந்தத் துக்கத்திலும் வேலையை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பு வேலையை முடித்து, 1922 ஏப்ரல் 5-ந் தேதி 63-ஆம் வயதில் அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1989-ல் இந்திய அரசாங்கம் அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் இருக்கிறது.

நமக்கு என்ன?

பிரியமானவர்களே, எலியா சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்தபோது தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். ஓரேபில் மெல்லிய சத்தம் கேட்டது அதற்கு அப்புறம்தான் (1 இராஜாக்கள் 19). யவீருவின் மகளை உயிரோடு எழுப்பின நம் ஆண்டவர், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொல்ல மறக்கவில்லை (மாற்கு 5). ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த மறுநாள்தான் ஜீவ அப்பத்தைப் பற்றி உபதேசித்தார் (யோவான் 6). ஆதி சபையில் பந்தி விசாரிக்க ஆள் தேடினபோது, சமைக்கத் தெரிந்தவர்களை அல்ல, பரிசுத்த ஆவி நிறைந்தவர்களைத் தேடினார்கள் (அப்போஸ்தலர் 6). ஆவி நிறைந்தவன் கையில் சோற்றுக் கரண்டி இருப்பது இழுக்கல்ல, வேத ஒழுங்கு.

சோறு மட்டும் போட்டு அனுப்பிவிட்டால் நாம் ஒரு சத்திரம். அபிஷேகம் என்று சத்தம் மட்டும் போட்டு, பசித்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பினால் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் நம்மை நியாயந்தீர்க்கும். ரமாபாய் அம்மையார் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவில்லை. 1897-ல் கஞ்சி ஊற்றின அதே இடத்தில் 1905-ல் அக்கினிக்காக முழங்கால் போட்டார்.

இன்னொன்றும் சொல்றேன். உபவாசம் என்பது சாப்பாடு இருக்கிறவன் தேவனுக்காக அதைத் தள்ளி வைப்பது. இல்லாதவள் பட்டினி கிடப்பது உபவாசம் அல்ல, அது நம் சபையின் குற்றம். ஏசாயா 58-ல் கர்த்தர் தெரிந்துகொண்ட உபவாசம், பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்ந்துகொள்ளுகிறது.

ஆகையால் மூப்பர்களோடு ஜெபித்து மூன்று காரியம் தீர்மானித்திருக்கிறோம். நம் தாய்மார் முன்பு செய்த கைப்பிடி அரிசி காணிக்கையை மறுபடியும் துவங்குகிறோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வையுங்கள், ஞாயிறு தோறும் கொண்டு வாருங்கள். அந்த அரிசி சபைக் கட்டிடத்துக்குப் போகாது, அடுப்பு எரியாத வீட்டுக்குத்தான் போகும். இரண்டாவது, வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி உண்டு. போதகன் நான்தான் ஊற்றுவேன். மூன்றாவது, வேலையில்லாமல் கஷ்டப்படுகிற குடும்பம் எது என்று இரண்டு வயதான தாய்மார் மாத்திரம் சத்தமில்லாமல் விசாரிப்பார்கள். வாசலில் நின்று கேட்க நாக்கு எழும்பாத ஒரு ரமா நம் தெருவிலும் இருக்கக்கூடும். அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வயிறு நிறைந்து ஆத்துமா காய்ந்து கிடக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டு வருஷம் கழித்தும் அம்மையார் தன் பசியை ஒத்துக்கொண்டார். நீங்களும் ஒத்துக்கொள்ளுங்க. கர்த்தர் வெறுமையாய் அனுப்ப மாட்டார்.

ஜெபம் செய்வோம். அன்பின் பரம பிதாவே, பசித்தவளைப் பார்த்தும் அறியாமல் போன என் குருட்டுத்தனத்தை மன்னியும். எங்கள் அடுப்பிலும் எங்கள் பலிபீடத்திலும் அக்கினி அவியாமல் காத்துக்கொள்ளும். எங்கள் கையில் இருக்கிற ஒரு பிடி அரிசியை ஆசீர்வதியும். எங்கள் ஆத்துமாவை ஜீவ அப்பத்தால் திருப்தியாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.